எதையும் அழிக்காத வழி

1

இந்தக் கதை என்னுடைய ஒரு வாக்கியத்தில் பிறந்தது. கதைக்காக எழுதிய வாக்கியம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து வரும் ஒரு சின்ன மாதப் பத்திரிகையில் ஆறு வருஷமாக ‘வீட்டுக் கணினி’ என்று ஒரு பக்கம் எழுதிவருகிறேன். வைரஸ் வந்தால் என்ன செய்வது, பிரிண்டரில் மை காய்ந்தால் என்ன செய்வது என்கிற மாதிரி விஷயங்கள். போன தை மாத இதழில், பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாமல் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றி ஓட்டுவது எப்படி என்று எழுதினேன். ஏற்றுவதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஏற்றுவது. இரண்டு, இருப்பதை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, காலியாகும் இடத்தில் ஏற்றுவது. மூன்று, உள்ளே கையே வைக்காமல், ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதி, அதைச் சொருகி அதிலிருந்தே ஓட்டுவது. மூன்றாவதைப் பற்றி நான் எழுதிய வாக்கியம்: ‘பயப்படுகிறவர்களுக்கு ஏற்றது. இது எதையும் அழிக்காது.’

கட்டுரையின் கீழே என் போன் நம்பரையும் போட்டிருந்தார்கள்.

அந்த மூன்றாவது வழியில் போய், பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், இறந்துபோன ஒரு மனிதரின் குரல் அழிந்துவிட்டது. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் இருந்தது. முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அது முடிவு இல்லை. முடிவு எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் உங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘காவிரி பாயும் பச்சைப் பசேலென்ற தஞ்சைத் தரணியிலே’

அடித்துவிட்டேன். நடந்தது மாசி மாதம். அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள், தாளுக்கு நடுவில் விரல் உயரத்துக்கு உளுந்து. பச்சைப் பசேல் வேண்டுமென்றால் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ‘சுடர்விழிக்கு வயது இருபத்துநான்கு. அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்’

நான் அவளை முதலில் பார்த்த அன்று கண்ணில் ஒரு கட்டிதான் இருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள்.

மூன்றாவது: ‘ரெத்தினம் செத்து இரண்டு மணி நேரம் கழித்தும் உப்பு விற்றுக்கொண்டிருந்தார்.’

இது நல்ல வரி. படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனாலேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருவருடைய சாவை எடுத்து வாசலில் தோரணம் கட்டுகிற வேலை அது. ஆனால் நடந்தது அப்படித்தான். ஆகவே தோரணம் கட்டாமல், நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

3

ரெத்தினம் உப்பு வியாபாரி. டி.வி.எஸ். வண்டியில் கல்லுப்பு ஒரு மூட்டை, தூளுப்பு ஒரு மூட்டை, மேலே நாலைந்து கட்டுக் கருவாடு. காலை ஆறரைக்குக் கிளம்பினால் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரை ஊர்களையெல்லாம் சுற்றி, திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார். அவருடைய அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். ‘நான் எவன் வயல்லயும் கூலிக்கு எறங்குனதில்ல’ என்பது ரெத்தினம் அடிக்கடி சொல்கிற பேச்சு.

ஆரம்பத்தில் தொண்டையால்தான் கூவிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன் தொண்டை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் திறக்காமல் போகவும், தஞ்சாவூரில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கினார். கூடவே மைக்கும், பெட்டியில் சொருக ஒரு பென் டிரைவும் கொடுப்பார்கள். பட்டனை அமுக்கிப் பேசினால் பதிந்துகொள்ளும், பிறகு நிறுத்துகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லும். வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பதிந்தார். “உப்பேய்... கல்லுப்பு... தூளுப்பு... வேதாரண்யத்து உப்பு...” என்று போய்க்கொண்டிருக்கும்போது, அடுப்படியிலிருந்து அவர் மனைவி வேம்பு எதற்கோ கூப்பிட்டிருக்கிறார். ரெத்தினம் மைக்கைப் பொத்தாமலேயே “இரு, வர்றேன்” என்று பதில் சொல்லிவிட்டு, மறுபடி “உப்பேய்” என்று தொடர்ந்துவிட்டார்.

“அப்பா, வேற பேசுங்கப்பா. ‘இரு, வர்றேன்’லாம் விழுந்துருக்கு” என்று சுடர்விழி சொன்னாள்.

“கெடக்கட்டும் போ. உப்புன்னா நாலு தூசி இருக்கத்தான் செய்யும்.”

அந்தத் தூசியோடுதான் நாலு வருஷம் ஊர் ஊராகப் போனது. “உப்பேய்... கல்லுப்பு... தூளுப்பு... இரு, வர்றேன்... உப்பேய்...” பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூடவே சேர்ந்து கத்துவார்கள். ஒரு ஊரில் ஒரு அம்மாள் வாசலில் நின்றபடி, “மெதுவாவே வாங்க, நான் எங்க போயிடப் போறேன்” என்று தினமும் பெட்டிக்குப் பதில் சொல்வாராம்.

மாசி பதினெட்டாம் தேதி, புது ஆற்றங்கரையில் ஒரு மதகுக் கட்டையில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. பெட்டி கூவிக்கொண்டே இருந்தது. கரைக்குக் கீழே வேலையாக இருந்தவர்கள் உப்புக்காரர் வியாபாரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெண், ‘என்ன இந்த மனுசன் ஒரே எடத்துல நிக்கிறாரு’ என்று கரையேறி வந்து பார்த்திருக்கிறார். பெட்டியை நிறுத்தியதும் அந்தப் பெண்தான்.

வண்டியையும் பெட்டியையும் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வேம்பு வண்டியைப் படுதா போட்டு மூடினார். பெட்டியை அரிசி டிரம் மேல் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் போடவில்லை.

4

மடிக்கணினி, சுடர்விழிக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பி.காம். முழுக்க அதில்தான் படித்தாள். அப்புறம் திருப்பூரில் ஒரு கம்பெனி ஆபீஸ் வேலைக்குப் போனாள், அப்பா இறந்ததும் விட்டுவிட்டு வந்தாள். அந்த மடிக்கணினியில் ‘அப்பா’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே இருநூற்றுப் பதின்மூன்று போட்டோக்கள், அவ்வப்போது எடுத்துச் சேர்த்தவை. ரெத்தினம் வைத்திருந்தது பட்டன் போன். ஆகவே அவர் படம் என்று வீட்டில் இருந்தது இவ்வளவுதான். சாவுக்கு வைத்த பேனரில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அதில் அவர் போலீஸில் பிடிபட்டவர் மாதிரி இருந்தார்.

“சிரிச்ச மாதிரி ஒன்னு இருக்குமே, அத எடுத்துக் குடு. சட்டம் போட்டு மாட்டலாம்” என்று வேம்பு கேட்டார்.

கேட்ட அன்றைக்குத்தான் மடிக்கணினி கிளம்பவில்லை. திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரைக்கும் சுற்றியது. தஞ்சாவூரில் ஒரு கடையில் காட்டினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு சொல்ல முடியாது என்றார்கள். திரும்ப எடுத்து வந்துவிட்டாள்.

அப்போதுதான் என் கட்டுரை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. (என் கட்டுரை யார் கண்ணிலும் படுவதில்லை என்று ஆறு வருஷமாக ஆசிரியரிடம் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.) பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் கமருன்னிஸா என்பவர் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் அந்த இதழ் கிடந்தது. பக்கத்தைக் கேட்டு வாங்கிக் கிழித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அதையே வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் வழி, துடைத்துவிட்டு ஏற்றுவது. அதைப் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இரண்டாவது, ஒதுக்கிவிட்டு ஏற்றுவது. கட்டுரையில் இடத்தைப் பிரிக்கிற கோட்டின் படம் இருந்தது. அவள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கோடு இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் மனையைப் பாகம் பிரித்தபோது, அளக்க வந்தவர் ஒரு முழம் தள்ளிக் கல்லை நட்டுவிட, பத்து வருஷமாக வேலி கோணலாகத்தான் நிற்கிறது. வேலி கோணினால் முருங்கைக்காய்தான் போகும். இங்கே கோடு தள்ளி விழுந்தால் அப்பா போய்விடுவார். ஆகவே மூன்றாவது வழி. ‘இது எதையும் அழிக்காது’ என்ற வரிக்குக் கீழே அவள் பேனாவால் கோடு போட்டிருந்தாள். அந்தக் கிழிந்த பக்கத்தை நான் பிறகு பார்த்தேன், ஒரே கோட்டின் மேல் இரண்டு மூன்று தடவை இழுத்திருந்தது.

“பென் டிரைவ் ஒன்னு வாங்கணும்மா. எட்டு ஜிபி இருந்தா போதும்.”

வேம்பு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அரிசி டிரம் மேலிருந்த பெட்டியிலிருந்து பென் டிரைவை உருவிக் கொடுத்தார். “இது சும்மாதான கெடக்கு. வேலை முடிஞ்சதும் மறக்காம சொருகி வச்சிடு.”

[முதல் பிரதியில் வேம்புவின் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். சுடர்விழியிடம் கேட்டேன். நடுங்கவில்லை என்றாள்.]

பக்கத்து வீட்டுக்குப் படியை இரவல் கொடுப்பது மாதிரிதான் வேம்பு கொடுத்தார். படி போகும், அளந்த பிறகு படி திரும்பி வரும். சுடர்விழி அதைவிட விவரமானவள், பென் டிரைவில் இருப்பது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதில் இருப்பது அப்பா பிற்பாடு கடையில் ஏற்றிவந்த பாட்டுகள் மட்டும்தான் என்று நினைத்தாள். அப்பா மைக்கைப் பிடித்துப் பெட்டியிடம் பேசியதை அவள் கண்ணால் பார்த்தவள். பெட்டியிடம் பேசியது பெட்டிக்குள்தானே இருக்கும்?*

* இருக்காது. இந்த மாதிரிப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. எதைச் சொருகியிருக்கிறோமோ அதில்தான் பதியும். இதை நானே இரண்டு வருஷத்துக்கு முன் ‘வீட்டுக் கணினி’யில் எழுதியிருக்கிறேன்.

5

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை எழுதியது இது: ‘கடையில் கூட்டம். கமருன்னிஸா எதையும் கேட்காமல் பென் டிரைவை வாங்கிச் சொருகி’

பொய். கதையில் பழியைப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது, கடைக்காரப் பெண் கைக்கு எட்டினார். கமருன்னிஸா கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

“சுடரு, இதுல எழுதுனா இருக்கறதெல்லாம் போயிடும். ஒன்னும் முக்கியமா இல்லையே?”

“பாட்டுதான்க்கா. நாப்பது அம்பது பாட்டு.”

“எதுக்கும் ஒரு தடவ தொறந்து பாத்துடுவமா?”

“வேணாங்க்கா. கரண்டு போயிடப் போவுது.”

திரையில் கேள்வி வந்தது. இந்தக் கருவியில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? இந்த மாதிரி எச்சரிக்கையைக் கண்டு வாரக்கணக்கில் பயந்துகொண்டிருந்தவள் சுடர்விழி. ஆனால் அவள் பயமெல்லாம் மடிக்கணினியைப் பற்றியது. இது வெறும் பென் டிரைவ். நிம்மதியாக ‘ஆம்’ என்பதை அமுக்கினாள். பதினொரு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

6

வீட்டுக்கு வந்து சொருகினாள். மடிக்கணினி கிளம்பியது. புள்ளிகள் இல்லை, வட்டம் இல்லை, நீல நிறத்தில் ஒரு திரை, ஓரத்தில் நாலு பொத்தான். தேடி உள்ளே போனாள். ‘அப்பா’ இருந்தது. திறந்தாள். இருநூற்றுப் பதின்மூன்றும் இருந்தன.

“அம்மா! இங்க வாயேன்!”

வேம்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். ரெத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் காற்றடிக்கிறார். சுடர்விழியின் பட்டமளிப்பு கவுனைத் தான் போட்டுப் பார்க்கிறார். தூங்குகிறார். ‘போட்டோ எடுக்காத’ என்று கையை நீட்டுகிறார், கை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. கடைசியில் ஒன்றில், யாரோ சொன்ன எதற்கோ, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

“இதான்” என்றார் வேம்பு. “இதத்தான் சொன்னேன்.” அப்புறம் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். மகளும் அப்படியே. மாசிக்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல சாயங்காலம் என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்குத்தான்.

இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே இல்லை. இன்னும் ரெண்டு பக்கம் போட்டோக்களை வர்ணித்துக்கொண்டே இருக்கலாம். இருநூற்றுப் பதின்மூன்று இருக்கிறதே. கதையை இங்கேயே முடித்துவிட்டால் என் மூன்றாவது வழி உண்மையிலேயே எதையும் அழிக்காத வழியாக நின்றுவிடும்.

ஆனால் வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். “ஆனி மொத வெள்ளிக்கெழம வண்டிய எடுக்கலாம்னு இருக்கேன்.”

“நீயா? ஒனக்குத் தெருமுக்குல நிக்கிற என்னையக் கூப்புடவே சத்தம் வராது. எப்படி விப்ப?”

“நான் எதுக்குக் கத்தணும்? அவரு கூவிக்கிட்டு முன்னாடி போவாரு. நான் பின்னாடி ஒக்காந்து ஓட்டிக்கிட்டுப் போறேன்.”

சுடர்விழி எழுந்து பெட்டியை எடுக்கப் போனாள். வேம்பு அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “இப்பப் போடாத. மூணு மாசமா அத எப்படிக் கேக்கறதுன்னு மனச தேத்திக்கிட்டு இருக்கேன். அந்தக் கொரலு அவரு போனப்பறமும் கத்திக்கிட்டே கெடந்துச்சுன்னு சொன்னாங்கல்ல, அதான் தொடல. இப்ப தைரியம் வந்துருக்கு. வெள்ளிக்கெழம வண்டியில வச்சே கேட்டுக்கிறேன். வீட்டுக்குள்ள வேணாம்.”

மறுநாள் வேம்பு நூறு நாள் வேலைக்குப் போனதும், பெட்டிக்குச் சார்ஜ் போட்டு வைப்போம் என்று சுடர்விழி அதை எடுத்தாள். சார்ஜ் ஏறியது. பட்டனை அமுக்கினாள். பீப் என்று ஒரு சத்தம். மறுபடி அமுக்கினாள். பீப். எல்லாப் பட்டனையும் அமுக்கினாள், பென் டிரைவைச் சொருகி அமுக்கினாள், உருவி அமுக்கினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தாள். எனக்கு அவள் போன் செய்தது அதற்கப்புறம்.

7

அன்றைக்கே பூதலூர் போய் பென் டிரைவை வாங்கி வந்தேன். கண்ணில் கட்டியோடு அவளைப் பார்த்தது அப்போதுதான். அழிந்ததை மீட்கிற மென்பொருள் மூன்று வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். பாதிப் பாதியாகப் பத்தொன்பது பாட்டு கிடைத்தது, பெரும்பாலும் சாமி பாட்டு. ரெத்தினம் கிடைக்கவில்லை. பாட்டுகளுக்கெல்லாம் முன்னால், முதலில் பதிந்தது அவர் குரல். புதிதாக எழுதும்போது முதலில் அழிவதும் அந்த இடம்தான். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

சரி, நான் இந்தக் கதையில் ஒரு போன் பேச்சை விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

சுடர்விழி எனக்குப் போன் செய்தது அழிந்த பிறகு மட்டும் இல்லை. அழிவதற்கு முன்னாலும் செய்தாள். கமருன்னிஸா கடையிலிருந்து, ‘இருக்கறதெல்லாம் போயிடும்’ என்று அவர் முதல் தடவை சொன்னதும்.

“சார், வீட்டுக் கணினி எழுதுற சாருங்களா? பூதலூர்லேருந்து பேசறேங்க. பென் டிரைவ்ல எழுதுனா அதுல இருக்கறது போயிடுங்களா?”

“போகும்மா. என்ன இருக்கு?”

“பாட்டுங்க. அப்பாவோட ஸ்பீக்கர் பெட்டியில சொருகியிருந்ததுங்க. அப்புறம் அப்பா உப்பு விக்கறதுக்குப் பேசி வச்சது அந்தப் பெட்டியில இருக்குங்க சார். அப்பா இப்ப இல்லைங்க. அதுக்கு ஒன்னும் ஆவாதுல்ல?”

“பெட்டியில இருந்தா அதுக்கு ஒன்னும் ஆகாது. தைரியமாப் பண்ணுங்க.”

அப்போது நான் சாப்பாட்டில் இருந்தேன். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்திருந்தேன். அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாது என்று ஊருக்கே எழுதிச் சொன்னவன் நான். ‘இருங்கம்மா, வீட்டுக்குப் போய், இந்தப் பென் டிரைவ் இல்லாமப் பெட்டி பேசுதான்னு ஒரு தடவை பாருங்க’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ரசம் ஆறிவிடாது. ‘அப்பா இப்ப இல்லைங்க’ என்று அவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ‘பெட்டியில் இருந்தால்’ என்றுதானே சொன்னேன், ஆகவே நான் சொன்னதில் பிழை இல்லை. இப்படி மாட்டிக்கொள்ளாத வாக்கியங்களாக எழுதியே ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஐந்தாம் பகுதியில் ‘கரண்டு போயிடப் போவுது’ என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தேன் அல்லவா? அது என் கைச்சரக்கு. திறந்து பார்த்துவிடலாமா என்று கமருன்னிஸா கேட்டதற்கு அவள் சொன்னது வேறு: “வேணாங்க்கா. இத எழுதுன சார்கிட்டயே கேட்டுட்டேன்.”

8

ஒரு கதாசிரியனுக்கு இந்த இடத்தில் சில வசதிகள் உண்டு. எனக்குத் தோன்றிய முடிவுகளை வரிசையாக வைக்கிறேன்.

வழியில் யாராவது ஒருவர் போனில் அந்தக் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். இதைச் சுடர்விழி நிஜமாகவே தேடிப் பார்த்தாள். அம்மாவிடம் சும்மா சைக்கிளில் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்பா போன பதினாலு ஊருக்கும் போனாள். கேட்ட இடத்திலெல்லாம் ‘உப்பேய்’ என்று அவரைப் போலவே கூவிக் காட்டினார்கள், சிலர் அச்சு அசல் அப்படியே. பதிந்து வைத்தவர் யாரும் இல்லை. “தெனம் வர்ற மனுசன்தானேன்னு இருந்துட்டோம்மா” என்று ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

பெட்டியோடு சேர்ந்து கத்திய பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குரலைப் பதிந்து பெட்டியில் போட்டுவிடுவது. இதை நான் ஒரு பக்கம் எழுதினேன், படிக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிழித்தேன். வேம்புவுக்கு வேண்டியது ரெத்தினம். பிள்ளைகளை அவர் தினமும் தெருவில் பார்க்கிறார்.

கம்ப்யூட்டரை வைத்து இறந்தவர் குரலையே உண்டாக்கிவிடலாம் என்கிறார்கள். அதையும் முயன்றேன். மாதிரிக்கு அவர் பேசிய ஒரு நிமிஷத்தைக் கொடு என்று அது கேட்டது.

கடைசியாக, வேம்புவிடம் விஷயத்தைச் சொல்கிறார்கள். அவர், “போவுது போ, எனக்குத் தொண்ட இல்லையா” என்று எழுந்து, வண்டியை எடுத்து, முதல் தடவையாகத் தெருவில் தன் குரலில் கூவுகிறார். எல்லாக் கதாசிரியர்களும் எழுந்து நின்று கும்பிடுகிற முடிவு. இதில் ஒரே ஒரு சங்கடம், இது எனக்குச் சௌகரியமான முடிவு. அவர் அப்படிச் சொல்லிவிட்டால் நான் தின்ற ரசம் செரித்துவிடும். அதற்காக ஒரு பெண்ணை ஒரே வரியில் அவ்வளவு பெரியவராக்கிவிட முடியுமா?

9

‘அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்’ என்றுதான் சுடர்விழி சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை போன் செய்தாள்.

“நாலு தடவ வாயெடுத்தேன் சார். முடியல. அம்மா இன்னிக்கு வண்டியக் கழுவிட்டாங்க. நீங்க வர்றீங்களா?”

வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சரில் போய் பூதலூரில் இறங்கினேன். புது ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, பாலத்தில் ஜனங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்வது என்று வழி முழுக்க மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனேன். ‘அம்மா, ஒரு சின்னத் தவறு’. அடித்தேன். ‘அம்மா, சில நேரங்களில் இயந்திரங்கள்’. அதையும் அடித்தேன்.

வாசலில் வண்டி நின்றது. மூட்டைகளை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஹேண்டில்பாரில் ஒரு முழம் கதம்பம். வேம்பு சுங்குடிப் புடவையும் அதற்கு மேல் ரெத்தினத்தின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். வெயிலுக்காக.

“வாங்க சார், வாங்க. இவ சொன்னா. நீங்கதானா அது? ஒங்களாலதான் சார் அவரு சிரிச்ச மொகம் கெடச்சுது. உள்ள வந்து பாருங்க.”

கூடத்தில் படம் மாட்டியிருந்தது. பல்லெல்லாம் தெரிய ரெத்தினம் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். டீயைக் குடிக்காமல் வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. சுடர்விழி கதவுக்குப் பின்னால் நின்றாள். “அம்மா...” என்று நான் ஆரம்பித்தேன். வேம்பு அதற்குள் அரிசி டிரம் மேலிருந்த பெட்டியை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, என் மடியில் வைத்துவிட்டார்.

“இவ காலையிலேருந்து என் மொகத்தையே பாக்க மாட்டேங்கறா. அவளுக்கு அப்பா கொரலக் கேட்டாத் தாங்காது. நீங்க வெளியாளு, நீங்க போட்டு விடுங்க சார். நான் வண்டியில ஏறி ஒக்காந்துக்கிறேன். கேட்டுட்டுக் கெளம்பிடறேன். நின்னா அப்பறம் கெளம்ப முடியாது.”

வாசலுக்குப் போனார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தெருவைப் பார்த்தார். சட்டை அவருக்குத் தோளில் பெரிதாக இருந்தது.

“ம், போடுங்க” என்றார்.

அதற்கடுத்த வரியை வீட்டுக்கு வந்து எட்டு தடவை எழுதினேன். எட்டிலும் நான் கொஞ்சம் நல்லவனாகவே இருக்கிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் திருத்திவிடுவேன். ஆகவே இந்தப் பெட்டியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். கனமெல்லாம் இல்லை. அவர் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் எழுந்து, வாசற்படி இறங்கி, அவருக்கு முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும்.